கப்பல் ஸ்டோரில் கிடக்கும் உதிரி பாகம் யார் கணக்கில்?

சரக்கு இருப்பு மென்பொருளில் வேலை பார்க்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "அமெரிக்கக் கடற்படையில் ஒரே பம்ப் சீல், டெஸ்ட்ராயர் போர்க்கப்பலில் இருந்தால் 'செலவாகிவிட்டது' என்கிறார்கள், விமானம் தாங்கிக் கப்பலில் இருந்தால் 'இருப்பு' என்கிறார்கள். எதை நம்பி நான் கணக்கு எழுதுவது?"

இரண்டையும் நம்பலாம். பணம் எந்த நேரத்தில் பிடிக்கப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

புதுக் கப்பல் என்னென்ன உதிரிகளை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்கு கோசல் என்று ஒரு பட்டியல் உண்டு. அந்த முதல் நிரப்பல் கப்பல் கட்டும் ஒதுக்கீட்டிலேயே வந்துவிடும், கப்பலின் கைக்காசைத் தொடாது. தலைவலி அதற்கு அப்புறம்தான்.

டெஸ்ட்ராயரில் ஒரு சீலை எடுத்து மாட்டிவிட்டு, காலியான இடத்துக்கு இன்னொன்று கேட்டால், கேட்கும்போதே ஆப்டாரில், அதாவது கப்பலுக்குக் கொடுத்திருக்கும் செலவு வரம்பில், பிடித்துவிடுவார்கள். அது ஓராண்டுப் பணம், செப்டம்பர் 30-ஐத் தாண்டினால் அதை வைத்துப் புது ஆர்டர் போட முடியாது. வந்த சீல் மூன்று வருடம் அலமாரியில் தூங்கினாலும் கணக்கில் அது செலவுதான். விமானம் தாங்கிக் கப்பலில் அப்படியில்லை. அங்கே ஸ்டோரில் இருக்கும் சரக்கு பெரும்பாலும் கடற்படையின் சுழல்நிதிக்குச் சொந்தம், கப்பல் வெறும் குடோன் மாதிரி. ஸ்டோரை விட்டு எடுக்கும்போதுதான் கப்பலின் பணம் போகும், நிதி அந்தப் பணத்திலேயே அடுத்ததை வாங்கி வைக்கும்.

என்னைக் கேட்டால் சுழல்நிதி முறைதான் மேல். டெஸ்ட்ராயர் முறையில் வருடக் கடைசியில் காசு வற்றும்போது, உடைந்ததை மாற்றத்தான் ஆர்டர் போடுவார்கள், அலமாரியை நிரப்புவது தள்ளிப்போகும். ஓட்டை அடுத்த பயணத்தில் தெரியும். ஆனால் சுழல்நிதி முறையிலும், அலமாரியை நிரப்பும்போது கப்பலின் பணம் போகாததால், தேவைக்கு மேல் குவிப்பது நடக்கும், நிதியின் நிர்வாகச் செலவும் பொருளின் விலையிலேயே ஏறி வரும்.

பழுது பார்த்துத் திரும்பப் பயன்படுத்தும் விலையுயர்ந்த பாகங்கள் தனிக்கதை. 1981 வாக்கில் விமானம் சாராத பாகங்களும், 1985-இல் விமானப் பாகங்களும் இந்த நிதிக்குள் வந்தன. அதுவரை இலவசமாக வந்ததற்குக் கப்பல் காசு கொடுக்க வேண்டியதாயிற்று. பழுதான பழையதைத் திருப்பிக் கொடுத்தால் குறைந்த விலை, இல்லாவிட்டால் முழு விலை.

ஆகவே உங்கள் மென்பொருளில் எண்ணிக்கைக்கு ஒரு புலம், உடைமை யாருடையது என்பதற்கு இன்னொரு புலம் வையுங்கள். பழையது திரும்பி வந்ததா என்பதையும் ஒவ்வொரு ஆர்டரோடும் கட்டிவிடுங்கள், விலை வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.