பிரசவப் பை: எதை வாங்குவது, எதைக் கடையிலேயே விட்டுவிடுவது?

கேள்வி: எனக்கு இப்போது 32 வாரம். 'பிரசவப் பை' என்றே எல்லாவற்றையும் அடுக்கி ஒரு செட்டாக விற்கிறார்கள். அலைச்சல் மிச்சம் என்று தோன்றுகிறது. வாங்கலாமா?

பதில்: பணம் கொடுப்பதற்கு முன் மருத்துவமனையில் கேளுங்கள்: அவர்கள் எதையெல்லாம் கொடுப்பார்கள், நீங்கள் எதைக் கொண்டுபோக வேண்டும்? பல இடங்களில் அச்சிட்ட பட்டியலே வைத்திருப்பார்கள். சில மருத்துவமனைகள் நாப்கின், டயபர், விரிப்பு எல்லாவற்றையும் தாங்களே கொடுத்து பில்லில் சேர்த்துவிடும். வெளியில் வாங்கியதைப் பயன்படுத்த விடுவார்களா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு தடவை பணம் போகும். காப்பீடு இருந்தால், இந்தச் சில்லறைப் பொருட்கள் அதில் அடங்குமா என்றும் விசாரியுங்கள்.

அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு செட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாதி இடத்தைப் பவுடரும் லோஷனும் ஷாம்புவும் அடைத்துக்கொண்டிருக்கும். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட குறைந்தது 24 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பவுடர் எப்போதுமே வேண்டாம். அந்தத் தூள் குழந்தையின் மூச்சோடு உள்ளே போகும். கையுறையும் அவசியமில்லை. கையை வாயருகே கொண்டுபோவது பசியின் அடையாளம், அதை மூடி மறைப்பானேன்? கழித்தபின் மிஞ்சும் நாலைந்து பொருட்களின் தனி விலையைக் கூட்டிப் பார்த்தால், செட் லாபமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அவசரமில்லை. ஆனால் 36 வாரத்துக்குள் பை தயாராக இருக்கட்டும். இரட்டைக் குழந்தை என்றாலோ, மருத்துவர் ஏதாவது எச்சரித்திருந்தாலோ இப்போதே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: பிரசவத்துக்குப் பிறகு பயன்படுத்த என்று தனி நாப்கின் இருக்கிறது, விலையும் கூடுதல். வழக்கமான நாப்கின் போதாதா?

பதில்: முதல் சில நாட்களுக்குப் போதாது. இந்த ஒரு பொருளில் சிக்கனம் பார்க்காதீர்கள். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் ஆறும்வரை ரத்தப்போக்கு இருக்கும். சுகப்பிரசவமானாலும் சிசேரியன் ஆனாலும் இது உண்டு. (சிசேரியன் என்றால் நாப்கின் தேவைப்படாது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) முதலில் சிவப்பாக, அதிகமாகப் போகும், அப்புறம் பழுப்பாகி, வெளிறி, பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் நின்றுவிடும். நீளமான, தடித்த நாப்கின் ஆரம்ப நாட்களுக்கு மட்டும்தான். அதனால் இரண்டு பாக்கெட் போதும், பிறகு வழக்கமானதற்கு மாறிக்கொள்ளலாம்.

வாங்கும்போது மேல்பரப்பைத் தொட்டுப் பார்க்க முடிந்தால் பாருங்கள். வலை மாதிரி பிளாஸ்டிக் பரப்பு தையலில் உரசி எரிச்சல் தரும். பஞ்சு போன்ற மென்மையான பரப்பு நல்லது. வாசனை சேர்த்தது வேண்டாம். உள்ளே வைக்கும் டாம்பன், கப் இரண்டும் கிருமித் தொற்றுக்கு வழிவிடும் என்பதால், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவற்றைத் தொட வேண்டாம். முதல் இரவுக்கு, உள்ளாடை போலவே அணியும் பெரியவர்களுக்கான டயபர் பலருக்கு இன்னும் வசதியாக இருக்கிறது. உள்ளாடை எடுத்துவைப்பதென்றால் வயிற்றுக்கு மேலே ஏறி நிற்கும் பெரிய அளவு, அடர் நிறம். இடுப்போடு நிற்கும் அளவில் எலாஸ்டிக் சரியாக சிசேரியன் தையல்மேல் உட்கார்ந்துவிடும்.

இது வாங்குகிற விஷயம் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: ஒரு தடித்த நாப்கின் ஒரு மணி நேரத்துக்குள் முழுவதும் நனைந்தாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். அந்த நாப்கினை எறியாமல் அவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: டயபர் பெரிய தள்ளுபடியில் கிடைக்கிறது. பிறந்த குழந்தை அளவில் 200 வாங்கி அடுக்கிவிடவா?

பதில்: வேண்டாம், ஒரு சின்ன பாக்கெட்டோடு நிறுத்துங்கள். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு தடவை என்றுதான் குழந்தை சிறுநீர் கழிக்கத் தொடங்கும். ஐந்தாறு நாளில் அது ஆறு தடவைக்கு மேல் போகும். நடுவில் தார்போல் கறுப்பாக மலம் வரும், அதற்கும் மாற்ற வேண்டியிருக்கும். எல்லாம் சேர்த்து, பால் நன்றாகக் குடிக்கத் தொடங்கியபின் ஒரு நாளைக்கு 8 முதல் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டில் வயதைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். நாலு கிலோவுக்கு மேல் பிறக்கும் குழந்தைக்குச் சின்ன அளவு சீக்கிரமே பற்றாமல் போகும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் அதுவே தொளதொளக்கும். சில குழந்தைகளுக்கு ஒரு பிராண்டில் தோல் சிவந்துபோகும், இன்னொன்றில் ஒன்றும் ஆகாது. இதெல்லாம் பிறந்த பிறகுதான் தெரியும். தொப்புள்கொடித் தண்டு காய்ந்து விழ ஒன்று இரண்டு வாரம் ஆகலாம், அதுவரை டயபரின் மேல் ஓரத்தை அதற்குக் கீழே மடித்துக் கட்டுங்கள்.

கேள்வி: முதல் குழந்தை. எலெக்ட்ரிக் பம்ப், ஸ்டெரிலைசர், பாட்டில், ஒரு டப்பா பால்பவுடர் நான்கும் பையில் இருக்க வேண்டும் என்கிறாள் தோழி.

பதில்: தாய்ப்பால் கொடுக்கத் திட்டம் என்றால் நான்கையும் விட்டுவிடலாம். முதல் நாள் சுரப்பது சீம்பால். ஒரு வேளைக்குச் சில மில்லிதான் வரும், குழந்தைக்கு அது போதும். இவ்வளவு கொஞ்சமான, கெட்டியான பாலைப் பம்பில் எடுத்தால் பாதி குழாயிலும் புனலிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். கையால் பீய்ச்சி ஸ்பூனில் பிடிப்பது எளிது, நர்ஸிடம் கேட்டால் சொல்லித் தருவார். பால் நிறைந்து வருவதற்கு இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும். குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க நேர்ந்தால் அங்கே பம்ப் இருக்குமா, வாடகைக்குக் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

பம்பைப் பிறகு வாங்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு. அதன் புனல் உங்கள் காம்பின் அளவுக்குப் பொருந்த வேண்டும், அந்த அளவோ பிரசவத்துக்குப் பிறகு மாறக்கூடும். பிரித்த பம்பைச் சுகாதாரக் காரணம் சொல்லிப் பெரும்பாலும் திருப்பி எடுக்கமாட்டார்கள். யாரோ பயன்படுத்தியதை மலிவாக வாங்குவதாக இருந்தால், பால் மோட்டாருக்குள் போகாதபடி தடுப்பு உள்ள வகையா என்று பாருங்கள். தடுப்பு இல்லாததை உள்ளே சுத்தம் செய்ய வழியில்லை.

பால்பவுடருக்கு விளம்பரம் செய்யக்கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக்கூடாது என்று உலக சுகாதார சபை 1981-லேயே நெறிமுறை வகுத்துவிட்டது. அதையும் மீறி யாராவது அன்பளிப்பாக ஒரு டப்பாவை நீட்டினால், அதை விற்பனை உத்தியாகவே பாருங்கள். மருத்துவக் காரணத்தால் தேவைப்பட்டால் எது, எவ்வளவு என்று மருத்துவரே சொல்வார். தாய்ப்பால் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தவர்கள் அதை மருத்துவமனையில் முன்பே சொல்லி, எதைக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: வயிற்றைக் கட்டும் பெல்ட் அணிந்தால் தொப்பை கரையுமாமே?

பதில்: கரையாது. கருப்பை தானாகவே சுருங்கிப் பழைய அளவுக்கு வர ஏறக்குறைய 6 வாரம் ஆகும், பெல்ட் அதை வேகப்படுத்தாது. சிசேரியனுக்குப் பிறகு எழுந்து நடக்க அது தாங்கலாக இருக்கிறது, வலி குறைகிறது என்று சிலர் சொல்வதுண்டு. அதற்காக வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டு வாங்கலாம், அதுவும் பிரசவத்துக்குப் பிறகு. இப்போது எடுக்கும் அளவு அப்போது பொருந்தாது.

கேள்வி: தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கும் தனியார் நிறுவனத்தின் பெட்டியையும் பையில் வைக்கச் சொல்கிறார்கள். கட்டணம் அதிகம். அவசியமா?

பதில்: தொப்புள்கொடி ரத்தத்தால் சிகிச்சை செய்யலாம் என்பது உண்மைதான். அதை நோயாளியின் உடலில் செலுத்தும் முதல் சிகிச்சை 1988-ல் பாரிஸில் நடந்தது. ஆனால் தன் ரத்தமே பின்னாளில் தனக்குப் பயன்படும் வாய்ப்பு மிகக் குறைவு. பரம்பரை நோய் என்றால் அந்தக் குறை சேமித்த ரத்தத்திலும் இருக்கும். எல்லோரும் தனியாரிடம் சேமிக்க வேண்டும் என்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் மகப்பேறு மருத்துவர்கள் சங்கமும் ஏற்கவில்லை. குடும்பத்தில் ஏற்கனவே இந்தச் சிகிச்சை தேவைப்படும் பிள்ளை இருந்தால் கதை வேறு, மருத்துவரிடம் பேசுங்கள். இல்லையென்றால் கையெழுத்து போடாதீர்கள்.

கேள்வி: நான் கணவன். பை கட்டுவதில் என் வேலை என்ன?

பதில்: மனைவியோடு உட்கார்ந்து நீங்களே அடுக்குங்கள். நள்ளிரவில் "அது எங்கே?" என்று அவரைக் கேட்கக்கூடாது. பிரசவ அறைக்கு ஒரு சின்னப் பை, பிறகு தங்கும் நாட்களுக்கு இன்னொன்று. சின்னதில் கர்ப்பகாலப் பதிவேடு, ஸ்கேன், ரத்த வகைச் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகளும் ஒவ்வாமையும் எழுதிய தாள், தண்ணீர் பாட்டில், உதட்டுக்குத் தடவ ஒரு பாம், நீளமான வயருள்ள சார்ஜர். குழந்தைக்கு முதலில் போடும் உடையைத் தனி உறையில் மேலாக வையுங்கள். தலைவழியாக மாட்டாமல் முன்பக்கம் திறப்பது நல்லது, ஒரு தடவை துவைத்திருக்க வேண்டும். மனைவி கான்டாக்ட் லென்ஸ் அணிபவர் என்றால் கண்ணாடியை மறக்காதீர்கள், அறுவை அறையில் லென்ஸைக் கழற்றச் சொல்வார்கள். நகைகள் வீட்டிலேயே இருக்கட்டும்.

காரில் வீடு திரும்புவதாக இருந்தால் குழந்தை இருக்கையை முன்பே பொருத்திப் பழகுங்கள். பின்நோக்கிய இருக்கைதான் வேண்டும். பழையதை வாங்கும்போது அதில் பொறித்திருக்கும் காலாவதி ஆண்டைப் பாருங்கள். விபத்துக்குள்ளானதா என்று தெரியாத இருக்கை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். குழந்தையைத் தடித்த போர்வையில் சுற்றி அதன்மேல் பட்டையை மாட்டினால் பட்டை இறுக்கமாகப் பிடிக்காது. முதலில் பட்டையை மாட்டிவிட்டுப் போர்வையை மேலே போடுங்கள்.

இன்னும் ஒரு வேலை: பில்களை எல்லாம் ஒரே உறையில் போட்டுவையுங்கள், முதல் இரண்டு செட் தவிர மற்ற குழந்தை உடைகளின் விலைச் சீட்டைக் கிழிக்காதீர்கள். அளவு சரியில்லாததை மாற்றிவரப் போகிறவர் நீங்கள்தான்.