சாளையில் ஒரு கட்டில்

வணக்கம்ங்க. பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுது, பெயர் போட வேண்டாம். என் சித்தப்பா பையன் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். போன மாதம் டிபி என்று சொல்லி, அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள், பெட்டில் சேர்க்கவில்லை. இப்போது அவனைக் காட்டுச் சாளையில், அதாவது தோட்டத்துக் குடிசையில் படுக்க வைத்து, வட்டல், சொம்பு எல்லாம் தனியாக வைத்தாகிவிட்டது. "அந்தக் காலத்துல சானடோரியத்துல, அதான் டிபி ஆஸ்பத்திரியில, மாசக்கணக்குல வெச்சுப் பார்த்தாங்க, இப்ப செலவுக்குப் பயந்து தொரத்தியுடறாங்க" என்கிறது ஆத்தா. எனக்கும் அதே சந்தேகம்தான். வீட்டில் வைத்தே பார்க்கலாம் என்று யார் முடிவு செய்தது? நாலு வயசுப் பிள்ளை வேறு வீட்டில் இருக்கிறது.

அன்புள்ள அம்மணிக்கு,

ஆத்தா சொல்வதில் பாதி சரி. செலவில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஐம்பதுகளில் இந்த நாட்டில் இருந்த காசநோயாளிகளுக்குக் கட்டில் போட எந்த அரசாலும் முடியாது, பெருந்துறை மாதிரி எத்தனை சானடோரியம் கட்டினாலும் போதாது. அதனால் வேறு வழி உண்டா என்று பார்த்தார்கள். ஆனால் வழி இல்லை, வீட்டுக்குப் போ என்று கைகழுவிவிடவில்லை, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள்.

அந்தச் சோதனை நடந்தது நம் சென்னையில். 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு ஆய்வு மையம் தொடங்கினார்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு எல்லாம் சேர்ந்து. முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறு பாதியை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஐசோனியசிட்டும் பாஸும், ஒரு வருடம். சானடோரியக்காரர்களுக்கு ஓய்வு, நல்ல சாப்பாடு, காற்றோட்டம். வீட்டுக்காரர்களுக்கு நெரிசலான ஒற்றை அறை, அரைகுறைச் சாப்பாடு, வேலைக்கும் போயாக வேண்டும். வருடக் கடைசியில் நோய் அடங்கியது சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு, வீட்டில் 86 பேருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான். 1959-ல் முடிவு வெளியானதும் உலகமே திரும்பிப் பார்த்தது, பணக்கார நாடுகள் உட்பட சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அதைவிட முக்கியம், நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களை ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்ததில், சானடோரியத்துக்குப் போனவர்களின் வீட்டாரைவிட அவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. ஏனென்றால் ஒட்ட வேண்டியது பெரும்பாலும் மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பே, என்ன நோய் என்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த மாதங்களிலேயே ஒட்டிவிடுகிறது. அப்புறம் எதற்குத் தனி வட்டல்? டிபி இருமும்போது காற்றில்தான் பரவும், வட்டலில் சொம்பில் வராது.

ஆனால் ஃபாக்ஸ் ஆட்கள் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு மறந்துபோகவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரை எடுத்துச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். இந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான், மருந்துகூட அடுத்ததுதான். பக்கத்தில் இருந்து விழுங்க வைக்கும் முறை பின்னாளில் உலகம் முழுக்கப் போனதற்கு விதையும் அந்தச் சேத்துப்பட்டு மையத்திலேயே விழுந்தது.

அதனால் சாளையை நான் குறை சொல்ல மாட்டேன், நாலு பக்கமும் காற்று வருகிற இடம் நல்லதுதான். கேட்பாரில்லாமல் கிடக்கிறான் பாருங்கள், அதுதான் ஆபத்து. இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறும், பையன் மாத்திரையை வைத்துவிட்டு மறுபடி நைட் ஷிப்டுக்குக் கிளம்புவான். அங்கேதான் மருந்துக்கு அடங்காத டிபி உருவாகிறது. தினமும் யாராவது ஒருவர் எதிரில் உட்கார்ந்து விழுங்க வைக்க வேண்டும், ஆத்தாவே செய்யலாம்.

சாப்பாடும் சும்மா இல்லை. ஜார்க்கண்டில் நோயாளி வீடுகளுக்கு உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2023-ல் வந்தது, அந்த வீடுகளில் மற்றவர்களுக்குப் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. அரசு மாதம் ஆயிரம் ரூபாய் சத்துணவுக்குத் தருகிறது, பையன் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியே எடை பார்த்தார்களா என்றும் கேளுங்கள். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவதும் தப்புதான், 2022 முதல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது, ரொம்ப மெலிந்தவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், பிடிக்காமல் எழுந்து நிற்க முடியாதவர்களைக் கண்டுபிடித்துப் பெட்டில் சேர்ப்பதுதான் அதன் வேலை. உங்கள் பையன் அந்த நிலையில் இருந்தால் விடாமல் கேட்டுச் சேருங்கள்.

பிள்ளையை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு நோய் வேகமாக முற்றும். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். நல்லா இருக்கற பிள்ளைக்கு எதுக்கு மாத்திரை என்று ஆத்தா சண்டைக்கு வரும், வந்தால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.