உள்ளே எட்டிப் பார்க்காத டெஸ்ட்

வணக்கம் சார்,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் பழைய ரெப்போ, அதாவது கோப்புகளின் எல்லாப் பதிப்புகளையும் சேர்த்து வைக்கும் கிடங்கு, இன்னும் மெர்க்குரியல் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில்தான் இருக்கிறது. ஜிஜிப்பால் சுருக்கிய கோப்புகளை கமிட் செய்யும்போது, அதாவது ரெப்போவில் பதியும்போது, விரித்துச் சேமித்து, வெளியே எடுக்கும்போது மறுபடி சுருக்கித் தரும் ஃபில்டர் ஒன்று எழுதினேன். தமிழ்க் கோப்புகளின் குறியாக்கத்தை மாற்ற இன்னொன்று. டெஸ்ட்டும் எழுதிவிட்டேன்: கோப்பை உள்ளே போட்டு, கமிட் செய்து, முன்பிருந்த பிரதியோடு ஒப்பிடுகிறேன். ஒரு பைட்கூட மாறவில்லை. ஆனாலும் மேலாளர் இது போதாது என்கிறார். இதற்கு மேல் என்னதான் சோதிப்பது? பைத்தானில் எழுதுவதா, ஷெல்லிலா? சுருக்கும் அளவை 9 என்று வைக்கலாமா? எல்லோரும் கிட் என்ற இன்னொரு கருவிக்குப் போய்விட்ட பிறகு இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘ஒரு பைட்கூட மாறவில்லை’ என்ற வரியிலேயே நின்றுவிட்டேன். சில நாட்களாக மெர்க்குரியலோடு வரும் டெஸ்ட் கோப்புகளைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். மனதில் ஓடிக்கொண்டிருந்ததையே நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். பைத்தானா ஷெல்லா என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை, கைக்கு எது வருகிறதோ அதில் எழுதுங்கள். 9 வைத்தால் நேரம் கூடும், இடம் கொஞ்சம் மிச்சமாகும். உங்கள் கோப்புகளிலேயே அளந்து பாருங்கள். கிட், மெர்க்குரியல் இரண்டும் 2005 ஏப்ரலில், பிட்கீப்பர் என்ற முந்தைய பதிப்புக் கருவியை இலவசமாகப் பயன்படுத்தும் வழி அடைபட்டதால் பிறந்தவை. உள்ளே போகும், வெளியே வரும் ஃபில்டர்களை கிட்டில் கிளீன், ஸ்மட்ஜ் என்பார்கள், மெர்க்குரியலில் என்கோட், டீகோட். வேலை ஒன்றுதான், விழுகிற குழியும் ஒன்றுதான்.

உங்கள் ஃபில்டர் ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்திருந்தாலும் இந்த டெஸ்ட் பாஸ் ஆகியிருக்கும். யோசித்தீர்களா? கோப்பின் பெயர் ஃபில்டரின் பேட்டர்னுக்குப் பொருந்தாமல் போயிருக்கலாம். அமைப்புக் கோப்பு வேறு இடத்தில் இருந்திருக்கலாம். அப்போதும் உள்ளே போனதுதான் வெளியே வரும், டெஸ்ட் பச்சையாகவே இருக்கும். அதைவிட மோசம், மெர்க்குரியல் கமிட் செய்யும்போது உங்கள் கோப்புறையில் இருக்கும் கோப்பைத் திருப்பி எழுதுவதே இல்லை. நீங்கள் ஒப்பிட்டது ரெப்போவுக்குள் போய் வந்த கோப்பை அல்ல, இருந்த இடத்தை விட்டு அசையாத கோப்பை. அழித்துவிட்டு மறுபடி எடுத்தீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. எடுத்திருந்தால் அநேகமாக பைட் மாறியிருக்கும். ஜிஜிப் கோப்பின் முதல் 10 பைட் தலைப்பு. அதில் 4 பைட் நேரத்துக்கு. கோப்பைப் பெயர் சொல்லிச் சுருக்கினால் அந்தப் பெயரும் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஃபில்டர் சுருக்குவது பைப் வழியாக, வெறும் பைட் ஓட்டமாக, அங்கே பெயர் ஏது? ஆக, ஒரு பைட்கூட மாறாததைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது, பயந்திருக்க வேண்டும்.

மெர்க்குரியல்காரர்கள் இதற்கு எழுதிய டெஸ்ட்டைப் பாருங்கள், ஒரு பக்கம்தான். இரண்டு கோப்புகள். இரண்டிலும் இருப்பது ‘திஸ் இஸ் எ டெஸ்ட்’ என்ற ஒரே வரி. ஒன்று ஜிஜிப் செய்தது. இன்னொன்றின் பெயரே நாட் டாட் ஜிஇஸட் (not.gz); உள்ளே போகும்போது எல்லாம் பெரிய எழுத்தாகவும், வெளியே வரும்போது சிறிய எழுத்தாகவும் மாற்றும் ஒரு விளையாட்டு ஃபில்டர் அதற்கு. யாருக்கும் பயன்படாத ஃபில்டர்தான், ஆனால் அது ஓடியதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். கமிட் ஆனதும், எந்தக் கோப்பு மாறியது என்று சொல்லும் ஸ்டேட்டஸ் கட்டளையை ஓட்டிப் பார்க்கிறார்கள், எதுவும் மாறியதாகக் காட்டக் கூடாது. கோப்புகளை டச் செய்து நேரத்தை மட்டும் மாற்றி மறுபடி ஸ்டேட்டஸ். அப்புறம் டீபக்டேட்டா என்ற கட்டளையால் சேமிப்புக்குள்ளேயே நுழைந்து பார்க்கிறார்கள்: அங்கே பெரிய எழுத்தில் இருக்கிறதா, ஜிஜிப் விரிந்திருக்கிறதா? அதற்குப் பிறகுதான் எல்லாக் கோப்பையும் அழித்துவிட்டுப் புதிதாக வெளியே எடுக்கிறார்கள். எழுதியவரின் நேர்மை எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: வெளியே வந்த ஜிஜிப் கோப்பை பழையதோடு பைட் பைட்டாக ஒப்பிடவில்லை, விரித்து உள்ளடக்கத்தை மட்டும் பார்க்கிறார். எதைக் காப்பாற்றுகிறோம், எதைக் காப்பாற்றவில்லை என்று தெரிந்து எழுதிய டெஸ்ட்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது புத்தகம் அல்ல. முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் பழைய தமிழ் நூல்கள் திஸ்கி என்ற, யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கத்தில் கிடந்தன. உள்ளே யூனிகோடின் யூடிஎஃப்-8, வெளியே திஸ்கி என்று ஒரு ஃபில்டர் போட்டிருந்தார்கள். டெஸ்ட் எல்லாம் பாஸ். குழுவில் மூத்தவரான ஓர் அக்கா மட்டும் எதையும் நம்ப மாட்டார். சேமித்த கோப்பை, பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் திறந்து, விரலைத் திரையில் வைத்து, “ஈ0 எங்கடா?” என்றார். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஈ0 என்ற பைட்டில்தான் தொடங்கும். அங்கே ஒன்றுகூட இல்லை. கோப்புப் பெயர்கள் எல்லாம் பெரிய எழுத்தில் டாட் டிஎக்ஸ்டி, ஃபில்டர் தேடியதோ சிறிய எழுத்தில். மாதக்கணக்காக ஃபில்டர் ஓடவே இல்லை! அக்கா யாரையும் திட்டவில்லை. அந்த ஹெக்ஸ் சோதனையையே டெஸ்ட்டில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னார், அவ்வளவுதான்.

நீங்கள் அந்தக் காலத்துக் கதை என்று ஒதுக்குவதற்கு முன்னால் 2023 ஜனவரி 30ஐ நினைத்துப் பாருங்கள். கிட் 2.38 முதல், கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டித் தரும் ஆர்க்கைவ் கட்டளை வெளி ஜிஜிப்பைக் கூப்பிடுவதை விட்டு, உள்ளேயே இருக்கும் ஜிலிப் நூலகத்தால் சுருக்க ஆரம்பித்தது. விரித்தால் அதே கோப்புகள்தான், சுருக்கிய பைட்டுகள்தான் வேறு. கிட் ரெப்போக்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் அந்தப் பதிப்புக்கு மாறியதும், ஒரு பைட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் செக்சம் எண்ணைப் பார்த்துக் கோப்புகளை இறக்கும் பில்டுகள் பல இடங்களில் உடைந்தன. அன்றே பழைய முறைக்குத் திரும்பினார்கள். உள்ளடக்கம் காப்பாற்றப்பட்டால் போதும் என்று ஒரு பக்கம் நினைத்தது, பைட்டும் மாறாது என்று மறுபக்கம் நம்பியிருந்தது. உங்கள் ஜிஜிப் கோப்புகளுக்கு யாராவது செக்சம் எழுதி வைத்திருக்கிறார்களா? மேலாளரிடம் முதலில் இதைக் கேளுங்கள். ஆம் என்றால் அந்த ஃபில்டரே வேண்டாம். மெர்க்குரியலின் உதவிப் பக்கமே இந்த ஜிஜிப் ஃபில்டரை உதாரணத்துக்காக மட்டும் காட்டி, நல்ல யோசனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறது.

தமிழ்க் கோப்புகளுக்கு ‘அம்மா’ என்று ஒரு சொல்லை வைத்து டெஸ்ட் எழுதியிருப்பீர்கள். போதாது. ‘கொ’ வையுங்கள். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கோப்பில் ஒன்று 6 பைட், மற்றது 9 பைட். திஸ்கிக்குப் போய்த் திரும்பினால் இரண்டும் ஒரே வடிவமாகிவிடும், பிறகு யாரும் தொடாத வரியெல்லாம், மாற்றங்களைக் காட்டும் டிஃப்பில் மாறியதாக வந்து நிற்கும். காலிக் கோப்பு, கடைசியில் புதுவரி இல்லாத கோப்பு, நடுவில் நல் பைட் (மதிப்பு 0) உள்ள கோப்பு, இவற்றையும் சேருங்கள்.

சரி, இப்போது உட்கார்ந்து, கோப்பை அழித்துவிட்டு மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். டீபக்டேட்டா என்ன காட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள். வெளியீட்டை அப்படியே ஒட்டி அனுப்புங்கள், ‘பாஸ்’ என்று மட்டும் எழுதினால் பதில் போட மாட்டேன்.