மலை உச்சியில் இருக்கும் பழைய கலங்கரை விளக்கங்கள் ஏன் குட்டையாக இருக்கின்றன?

கலங்கரை விளக்கத்தில் முக்கியமானது ஒளி உயரம். அதாவது, கடல்மட்டத்திலிருந்து விளக்கு எரியும் இடம் வரையுள்ள உயரம். பூமி வளைந்திருப்பதால், விளக்கு உயர உயர அதன் ஒளி தொலைவிலுள்ள கப்பலுக்கும் தெரியும். பாறையே அந்த உயரத்தைக் கொடுத்துவிட்டால் நெடிய கோபுரம் எதற்கு?

ஆனால் உயரம் அளவு மீறினால் ஆபத்து. தென்னாப்பிரிக்காவின் கேப் பாயின்ட் முனையில் 1860-இல் ஏற்றப்பட்ட விளக்கு, கடலுக்கு மேல் சுமார் 238 மீட்டரில் இருந்தது. வானம் தெளிவாக இருந்தால் கடல்பரப்பிலிருந்து 55 கிலோமீட்டர் தொலைவிலும் பார்வைக்கோட்டில் வரும் உயரம் அது! ஆனால் தாழ்ந்த மேகமும் மூடுபனியும் அடிக்கடி அதை மறைத்தன. அடர்ந்த மரக்கிளைகளுக்கு மேலே தெருவிளக்கை மாட்டியது போலத்தான்: விளக்கு எரியும், கீழே நிற்பவருக்குத் தெரியாது. 1911-இல் லுசிடானியா என்ற போர்ச்சுகீசியக் கப்பல் அங்கே பாறையில் மோதியது. அதன் பிறகே, சுமார் 87 மீட்டர் உயரத்தில் புதிய விளக்கம் கட்டினார்கள். பார்க்கப் போகிறவர்கள் பழையதோடு திரும்பிவிடாமல், கீழே இருக்கும் புதியதையும் அவசியம் பாருங்கள்.

கடலுக்கு வெளிச்சம் பாய்ச்சி வழிகாட்டத்தான் இந்த விளக்கு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மாலுமி தன் இருப்பிடத்தைக் கணிக்க உதவும் அடையாளப் புள்ளி.