கூட்டமைப்பில் சேரலாம், ரசீதுப் புத்தகத்தை இரவல் தர வேண்டாம்

கேள்வி: 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்தியர்கள் மிகுதியாக வாழும் ஃபீனிக்ஸில் அண்டைவீட்டார் பதினைந்து பேர் சேர்ந்து சிறிய அமைதிக் குழு ஒன்றை நடத்துகிறோம். ஒரு தேவாலய இளைஞர் குழுவும் ஒரு மகளிர் சங்கமும் எங்களைக் கூட்டமைப்பில் சேர அழைக்கின்றன. அதைப் பதிவு செய்து தர ஓர் ஆலோசகர் 6,000 ராண்ட் கேட்கிறார். சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேருங்கள், ஆனால் அந்த 6,000 ராண்டைக் கொடுத்துவிடாதீர்கள். 1997ஆம் ஆண்டின் லாப நோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய அரசு கட்டணம் வாங்குவதில்லை. சாதாரண மனிதரால் நிரப்ப முடியாத படிவங்களை வைத்துவிட்டு, இடைத்தரகர்களை நம்பாதீர்கள் என்று மக்களுக்குச் சொல்வதில் என்ன நியாயமோ! இந்தத் தரகர்கள் பதிவோடு நிற்பதும் இல்லை. நன்கொடை வாங்கித் தருகிறேன், வருவதில் ஒரு பங்கு எனக்கு என்று அடுத்த மாதமே வந்து நிற்பார்கள். உங்கள் காரியத்துக்குப் புதிய பதிவே தேவையில்லை. பதிவு செய்தால், நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள் ஆண்டறிக்கை அனுப்பும் வேலை இன்னொன்று கூடும்.

கூட்டுச் சேர்வதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1947 மார்ச் 9 அன்று நேட்டால் இந்தியக் காங்கிரசின் டாக்டர் நாயக்கர், டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரசின் டாக்டர் தாதூ, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் டாக்டர் சூமா மூவரும் இந்தியர்-ஆப்பிரிக்கர் ஒத்துழைப்புக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, அவரவர் காங்கிரசு அவரவரிடமே இருந்தது. வாக்குரிமை, நடமாடும் உரிமை முதலியவற்றுக்காகச் சேர்ந்து உழைப்பதாக மட்டுமே உடன்பட்டார்கள். இருந்தும் 1949 ஜனவரியில், ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மூண்ட டர்பன் கலவரத்தில் 142 பேர் மாண்டார்கள். தலைவர்கள் போட்ட கையெழுத்து தெருவரை வந்து சேரவில்லை. ஆகவே ஜோகன்னஸ்பர்க்கின் பெரிய பெயர்களைவிட, பக்கத்தில் ஆப்பிரிக்கர்கள் வாழும் பாம்பாயியில் இருக்கும் ஒரு சிறிய குழுவே உங்களுக்கு உற்ற கூட்டாளி.

எந்த வேலைக்காகச் சேருகிறீர்கள், எத்தனை மாதங்களுக்கு, செலவை யார் கணக்கிலிருந்து எடுப்பது, உங்கள் பெயரில் யார் பேசலாம் என்பவற்றை ஒரே தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். நன்கொடையாளர் வரிக்கழிவு பெற உதவும் ரசீதை வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி தரும் அனுமதி உங்களிடம் இருந்தால், அனுமதியில்லாத கூட்டாளிக்கு வந்த பணத்துக்கு உங்கள் ரசீதை எழுதித் தராதீர்கள். நட்புக்காகச் செய்தோம் என்று சொன்னால் வரித்துறை கேட்காது. உறுப்பினர்களின் தொலைபேசிப் பட்டியலையும் கொடுக்க வேண்டாம்.

கட்சி விஷயத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். வரிவிலக்குப் பெற்ற பொதுநல அமைப்பு, தன் வளங்களை நேரடியாகவோ மறைமுகமாகவோ எந்தக் கட்சியையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ பயன்படுத்தக் கூடாது. இதற்காக, கட்சிக்காரர் ஒருவர் வந்துவிட்டாலே கூட்டத்தைக் கலைக்க வேண்டும் என்பதில்லை. வார்டு கவுன்சிலர் உங்கள் அமைதி ஊர்வலத்தில் நடக்கலாம். உங்கள் கோரிக்கையை எல்லாக் கட்சிகளிடமும் கொடுக்கலாம். ஒரு சட்டம் தவறென்றும் சொல்லலாம். ஆனால் அதே கவுன்சிலரின் தேர்தல் கூட்டத்துக்கு உங்கள் நாற்காலிகளை வாடகையின்றி அனுப்பினால், அது வளம். சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த ஒரு குழு, வாட்ஸ்அப்பில் வந்த கூட்டறிக்கைக்கு முழுதாகப் படிக்காமல் சம்மதம் சொல்லிவிட்டது. பத்து நாளில் அதன் பெயர் ஒரு வேட்பாளரின் துண்டறிக்கையில், அவருடைய படத்துக்கு நேர் கீழே அச்சாகியிருந்தது. அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு செயலாளர் என் மேசைக்கு முன் அழுதார். மறுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், அதற்குள் இரண்டு நன்கொடையாளர்கள் விலகிவிட்டார்கள். எனவே எந்த அறிக்கைக்கும் இரண்டு பொறுப்பாளர்கள் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே உங்கள் பெயர் போக வேண்டும் என்பதையும் நீங்கள் எல்லோரும் கையெழுத்திடும் அந்த ஒரே தாளில் சேர்த்துவிடுங்கள்.