பழைய காருக்குக் கூலண்ட் பாட்டில் வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் முதலில் மூடியைப் பாருங்கள்

உங்கள் காரில் வெறும் ரேடியேட்டர்தான், பாட்டில் கிடையாது. ஓட்டிவிட்டு நிறுத்தினால் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், ரேடியேட்டர் கழுத்தில் உள்ள ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தரையில் கொட்டுகிறது, ஒரு பாட்டில் வைத்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியாகும். 1960-களில் வந்த என் காரிலும் இதைச் செய்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். கொட்டியதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் கழுத்து வரை ஊற்றி நிரப்புகிறீர்களா? அப்படியென்றால் அது கோளாறே இல்லாமல் இருக்கலாம். அந்தக் காலத்து ரேடியேட்டரில் மேல் தொட்டியில் கொஞ்சம் காலி இடம் விட்டுத்தான் நிரப்ப வேண்டும், கூலண்ட் சூடாகி விரியும்போது போக அந்த இடம்தான் இருக்கிறது. நாம் அதையும் நிரப்பிவிட்டால் விரிகிற அளவு வெளியே போகும், ஆறியதும் மட்டம் குறைந்து தெரியும், பதறிப்போய் மறுபடி ஊற்றுவோம், மறுபடி கொட்டும். மேல் தொட்டிக்குள் தெரியும் ரேடியேட்டர் குழாய்களின் வாய் மூழ்கியிருக்கும் அளவோடு விட்டு நாலு நாள் ஓட்டிப் பாருங்கள். மட்டம் அங்கேயே நின்றால் எஞ்சின் நன்றாக இருக்கிறது. தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது; பாட்டில் வைப்பது இதற்கு மருந்தாகாது.

கோளாறு இல்லாவிட்டாலும் பாட்டில் வைப்பது நல்லது என்பது என் கட்சி. ரேடியேட்டர் எப்போதும் நிறைந்திருக்கும், உள்ளே காற்று குறைவதால் துருவும் குறையும். மூடியைத் திறக்காமலே மட்டம் தெரியும். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், அதோடு இனிப்பும் கூட, தரையில் தேங்கினால் நாயோ பூனையோ நக்கிவிடும். எனக்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

இப்போது ரேடியேட்டர் மூடிக்கு வருவோம். பலர் பாட்டிலைத் தேடித் தேடி வாங்குகிறார்கள், மூடியைப் பழையதாகவே விட்டுவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஒரு வாரம் ஓட்டியதில் பாட்டில் நிறைந்துகொண்டே போனது, ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே வந்தது. பழைய மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அடியில் ஸ்பிரிங்கோடு ஒரு ரப்பர் வாசர் இருந்தது, அது அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வாசர். கழுத்தின் மேல் விளிம்பில் உட்கார வேண்டிய இடத்திலோ வெறும் தகடுதான், ரப்பரே இல்லை. எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுவில் உள்ள சின்ன வால்வு திறந்து, ஓவர்ஃப்ளோ குழாயையும் பாட்டிலையும் இணைக்கும் ஹோஸ் வழியாகப் பாட்டிலில் இருந்து கூலண்டை இழுக்க வேண்டும். மேல் விளிம்பில் ரப்பர் இல்லாவிட்டால் அந்த இடைவெளி வழியாகக் காற்றுதான் உள்ளே போகும், பாட்டிலில் இருப்பது அங்கேயே கிடக்கும். ஆகவே மேலும் கீழும் இரண்டு ரப்பர் உள்ள மூடி வேண்டும்.

வாங்கும்போது கழுத்தின் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள், அதாவது மேல் விளிம்பில் இருந்து உள்ளே வாசர் உட்காரும் இடம் வரை. பழைய கார்களில் சிலவற்றில் சுமார் 25 மில்லிமீட்டர் இருக்கும், சிலவற்றில் 19. ஆழமான கழுத்துக்குக் குட்டை மூடி போட்டால் அழுத்தமே நிற்காது. மூடியில் போட்டிருக்கும் அழுத்த எண்ணைக் கூட்டவும் வேண்டாம். ஒரு பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) கூடினால் கூலண்டின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி செல்சியஸ் ஏறும் என்பது உண்மைதான், ஆனால் 7 பிஎஸ்ஐக்குச் செய்த ரேடியேட்டரில் 15 பிஎஸ்ஐ மூடி போட்டால் பழைய ஈயப் பற்றவைப்பும் ஹீட்டரும் அதைத் தாங்காமல் போகலாம். கழுத்தின் விளிம்பில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பள்ளமோ வளைவோ தட்டுப்பட்டால் ரப்பர் சரியாக உட்காராது. என்னுடையதில் பித்தளை ஒரு பக்கம் லேசாக நெளிந்திருந்தது. தட்டையான கட்டையில் நைசான உப்புத்தாளைச் சுற்றி, தூள் உள்ளே விழாமல் துணி அடைத்துக்கொண்டு பொறுமையாகத் தேய்த்தேன்.

பாட்டில் விஷயம் எளிது. ஏழு லிட்டர் கூலண்ட் பிடிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நிலையில் இருந்து ஓட்டச் சூடு வரை கூடுவது ஏறக்குறைய கால் லிட்டரில் இருந்து 350 மில்லி வரைதான், ஒரு லிட்டர் பாட்டில் தாராளம். பாட்டில் மூடியில் காற்றுப் போக ஒரு துளை கட்டாயம் வேண்டும். ஹோஸ் பாட்டிலின் அடி வரை இறங்க வேண்டும், நுனியைச் சாய்வாக வெட்டுங்கள், நேராக வெட்டினால் அடியில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். ஓவர்ஃப்ளோ குழாயில் கிளிப் போட்டு இறுக்குங்கள், அங்கே காற்றுக் கசிந்தாலும் உறிஞ்சல் போய்விடும். வெற்றிடத்தில் சப்பிப்போகாத தடிப்பான ஹோஸாக எடுங்கள். சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் மட்டும் பாட்டிலை வைக்காதீர்கள்.

அப்புறம், எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, மட்டத்தில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று ஓட்டங்களில் உள்ளே மிச்சமிருந்த காற்று வெளியேறும், பாட்டிலில் குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொள்ளலாம். அதன் பிறகும் எஞ்சின் ஓடும்போது குமிழி விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். ஆறியபின் மேல் ஹோஸ் ஒட்டிப்போய்க் கிடந்தால் மூடியின் நடு வால்வு சிக்கியிருக்கிறது, இல்லையென்றால் பாட்டில் ஹோஸ் எங்கோ மடங்கியிருக்கிறது. சூடாக இருக்கும்போது எக்காரணம் கொண்டும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.

முன்பே அழுத்த மூடி இல்லாத, இன்னும் பழைய கார் என்றால் இந்த முறை பொருந்தாது. ஃபோர்டு மாடல் டி போன்றவற்றில் ரேடியேட்டர் திறந்த அமைப்பு, அதில் காலி இடம் விட்டு நிரப்புவதே வழி.

என் காரில் இப்போது காலையில் டேப் பக்கத்தில் மட்டம், ஓட்டி நிறுத்தியதும் இரண்டு விரல் உயரம் ஏறியிருக்கும், மறுநாள் காலையில் திரும்ப டேப்புக்கே வந்துவிடும். உங்கள் கார் எந்த மாடல், மூடியில் என்ன எண் போட்டிருக்கிறது என்று எழுதுங்கள், கழுத்தின் ஆழத்தையும் அளந்து சொன்னால் எந்த மூடி பொருந்தும் என்று பார்க்கலாம்.