ஜிம் ஏன் இலினாய்க்குப் போகவில்லை?

மார்க் ட்வெய்னின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில், மிசிசிப்பி ஆற்றின் எதிர்க்கரையிலேயே அடிமை முறை இல்லாத இலினாய் இருக்க, தப்பியோடிய அடிமை ஜிம் ஏன் சிறுவன் ஹக்கோடு தெப்பத்தில் தெற்கே மிதந்து போகிறான் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி.

அக்கரை பெயருக்குத்தான் விடுதலை மண். கதை நடப்பது 1835–45 வாக்கில். தப்பியவரை எந்த மாநிலத்திலும் பிடித்துக்கொள்ள 1793ஆம் ஆண்டுச் சட்டம் உடைமையாளருக்கு உரிமை கொடுத்தது. இலினாயின் 1819ஆம் ஆண்டுச் சட்டப்படி, விடுதலைச் சான்று இல்லாத கறுப்பரைத் தப்பியவராகவே கருதிக் கைது செய்யலாம். பலர் இங்கே, தப்பிய அடிமைகளைப் பற்றிய 1850ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்வார்கள். அது கதைக்காலத்துக்குப் பிந்தியது.

11ஆம் அத்தியாயத்தை மறுபடி படியுங்கள். ஜிம்மின் தலைக்கு 300 டாலர். அந்தப் பணத்துக்காகத் தேடக் கிளம்புபவர் ஹக்கின் ஊர்க்காரர்; இலினாய் முழுக்க ஜிம்மைத் தேடப் போவதாகச் சொல்லி ஹக்கின் அப்பாவும் பணம் கேட்டிருக்கிறார்!

ஹக், ஜிம் இருவரின் திட்டம் வேறு: ஒஹையோ ஆறு வந்து கலக்கும் கெய்ரோ ஊரில் தெப்பத்தை விற்றுவிட்டு, நீராவிக் கப்பலில் ஒஹையோ வழியே மேலே, அடிமை முறை இல்லாத மாநிலங்களுக்குள் போவது. 15ஆம் அத்தியாயத்து மூடுபனியில் ஊர் தப்பிவிடுகிறது. அடுத்த அத்தியாயத்தில் கரையோரம் ஒஹையோவின் தெளிந்த நீர், அப்பால் மிசிசிப்பியின் கலங்கல். நிறத்தைப் பார்த்ததுமே கெய்ரோவைத் தாண்டிவிட்டது புரிகிறது; மனதை உலுக்கும் இடம் அது. தெப்பம் எதிர்நீரில் ஏறாது. இருந்த சிறு படகும் காணாமல் போகிறது.

வரைபடத்தில் ஹானிபல், கெய்ரோ இரண்டையும் குறித்துக்கொண்டு படியுங்கள். மிசூரி மாநிலத்து ஹானிபல்தான் கதை தொடங்கும் ஊருக்கு மூலம்.